வளைந்த பன்னிரண்டு அம்புகள்

கோல்ட் ஸ்பர், மொன்டானா
ஜூன் 1, 2008

நெல்டா,

போன் பண்ணாத. பண்ணினாலும் எடுக்க மாட்டேன். போன்ல நீ ரெண்டு வார்த்தை பேசினா நான் சிரிச்சிடுவேன், எதுக்குக் கோவப்பட்டேன்கிறதே மறந்துபோயிடும். சின்ன வயசுல இருந்து நீ பண்ற வேலை இது. அதனால எழுத்துல கேக்குறேன், எழுத்துலயே பதில் சொல்லு.

நீ அனுப்பின கார்பன் அம்பு பன்னெண்டும் வளைஞ்சிருக்கு.

சும்மா சொல்லல. ஜன்னல் வெளிச்சத்துல நின்னு, வால்பக்கத்தை வலது கண்ணுகிட்ட வெச்சு, இடது கண்ணை மூடிக்கிட்டு, முனை வரைக்கும் பாத்தேன். அப்புறம் குறுக்க நீட்டிப் பிடிச்சும் பாத்தேன். ஒவ்வொண்ணும் நடுவுல இடுப்பை ஒடிச்சிக்கிட்டு நிக்குது. எங்க வளைஞ்சிருக்கோ அங்க சாக்பீஸால கோடு போட்டு, பெட்டியோட திருப்பி அனுப்பியிருக்கேன். நீயே பாரு.

முப்பது வருஷம் ரயில் தண்டவாளத்து மேல குனிஞ்சு ஒத்தைக் கண்ணால நேர் பாத்தவன் நான். நான் 'இங்க வளைவு'ன்னு காலால தட்டிக் காட்டின இடத்துலதான் எஞ்சினியர் கருவியைக் கொண்டாந்து வெப்பான். எனக்கு நேருன்னா என்ன, கோணல்னா என்னன்னு தெரியும்.

வருஷா வருஷம் மனு போட்டுப் போட்டு, இப்பத்தான் மிசூரி ஆத்துப் பள்ளத்துல எல்க் மான் அடிக்கிற சீட்டு குலுக்கல்ல என் பேருக்கு விழுந்திருக்கு. இன்னொரு தடவை விழுறதுக்குள்ள நான் மண்ணுக்குள்ள போயிருப்பேன். போன செப்டம்பர்ல பொட்டை எல்க் ஒண்ணை அடிச்சு, அது சரியான இடத்துல படாம, மழைல ரத்தத் தடத்தைத் தொலைச்சுட்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாதுன்னுதான் உன் கடைல இருக்கிறதுலயே ஒசத்தியான அம்பைக் கேட்டேன். அதுகூட நானாக் கேக்கல. உன் கடைல பங்குக்கு வந்து இப்ப உன் வீட்டுச் சோபாவுலயும் பங்கு போட்டுக்கிட்ட அந்த ராய்ஸ்தான், "வாழ்க்கைல ஒரு தடவை கிடைக்கிற சீட்டு மச்சான், அம்புல போய்க் கஞ்சத்தனம் பண்ணாதீங்க"ன்னு ஏத்திவிட்டான். யாருக்குடா நான் மச்சான்?

அந்த ஒரு டஜன் விலைக்கு ட்ரக்குக்கு ரெண்டு புது டயர் போட்டிருப்பேன். முப்பது கஜத்துல நின்னு அடிச்சா பன்னெண்டு அம்பும் பன்னெண்டு ஊருக்குப் போவுது.

கம்பெனி கழிச்சுப் போட்ட அம்புத் தண்டை யாரோ வாங்கி, மேல ஒசத்தி முத்திரையை ஒட்டி வித்திருக்காங்க. யாருன்னு நான் சொல்லல. உன் கடைல ரெண்டு பேர்தான் இருக்கீங்க. அதுல ஒருத்தி என் தங்கச்சி.

மெர்ல்

*

வில்லோ பெண்ட்
ஜூன் 9, 2008

அன்புள்ள அண்ணா,

உன் பெட்டி வந்தது. உன் கடிதத்தை ராய்ஸிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான், அது உனக்கு இன்னும் எரிச்சலாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு அம்பையும் நானே சோதித்தேன். உருளைகள் மேல் வைத்து, அளவு முள்ளை நடுவில் பொருத்தி, விரலால் மெல்லச் சுற்றினேன். முள் அசையவே இல்லை, அண்ணா. தலைமுடியைப் பல கூறாகப் பிளந்தால் வருமே, அந்த அளவுக்குக்கூட ஒன்றிலும் கோணல் இல்லை. எடையும் பார்த்தேன். ஒன்றுக்கொன்று வித்தியாசம் கண்டுபிடிக்க என் தராசால் முடியவில்லை. விறைப்பு சோதிக்கிற கட்டையில் எடை தொங்கவிட்டும் பார்த்தேன். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. நம்மைவிட ஒற்றுமையாக.

இன்னொன்றையும் கவனித்தேன். உன் சாக்பீஸ் கோடு பன்னிரண்டு தண்டிலும் நட்டநடுவில், ஒரே இடத்தில் இருக்கிறது. பன்னிரண்டு அம்பு வளைந்தால் பன்னிரண்டு இடத்தில் வளையும். ஒரே இடத்தில் வளைந்தால் அது அம்பின் குற்றம் இல்லை. யாரோ உட்கார்ந்து வரிசையாகக் கோடு போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ராய்ஸ் இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து உனக்கு அவனைப் பிடிக்கவில்லை. போன நவம்பர் நன்றி அறிவிப்பு நாள் விருந்தில் அவன் வெட்டிய வான்கோழியை நீ தொடவில்லை. நேரடியாக 'அவனை விரட்டு' என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை, அதனால் அம்பைச் சாக்காக வைத்து என் கடையின் பெயரைக் கெடுக்கிறாயா? இதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கேட்கிறேன்.

விலையைப் பற்றி: கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வதையே உனக்கும் சொன்னேன். மரத்தின் மேல் உட்கார்ந்து இருபது கஜத்தில் வெள்ளைவால் மான் அடிக்கிறவனுக்கு மலிவு கார்பனே போதும், நாலைந்தைப் பொறுக்கி ஒதுக்கினால். ஆனால் நீ அம்பு நுனியில் மாட்டுகிற வெட்டுமுனை, பட்டதும் விரிகிற வகை இல்லை, எப்போதும் விரிந்தே நிற்கிற இரும்பு அலகு. அது காற்றைப் பிடிக்கும். தண்டில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் நாற்பது கஜத்தில் அது தெரிந்துவிடும். அந்தப் பள்ளத்தில் நாற்பதுக்குக் குறைந்து உனக்கு வாய்ப்பு வருமா என்பது சந்தேகம். அதனால்தான் ராய்ஸ் சொன்னபோது நான் தடுக்கவில்லை.

அதே பன்னிரண்டையும் திருப்பி அனுப்புகிறேன். கூடவே பட்டறையில் இருந்து ஒரு எஃகுப் பட்டை வைத்திருக்கிறேன். இயந்திரம் பூட்டுகிறவர்கள் நேர் பார்க்க வைத்திருப்பது, கனமானது, வளையவே வளையாது. அம்பை அதோடு ஒட்டி வைத்துப் பார். பார்த்துவிட்டு எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுது. குறைந்தது ஒரு பக்கம்.

நெல்டா

*

கோல்ட் ஸ்பர்
ஜூன் 17, 2008

நெல்டா,

நீ அனுப்பின எஃகுப் பட்டையும் வளைஞ்சிருக்கு.

நல்ல ஜோடிதான் நீங்க ரெண்டு பேரும். வளைஞ்ச அம்புக்குத் தோதா வளைஞ்ச பட்டை. ரெண்டையும் ஒட்டி வெச்சா இடைவெளி இல்லாம பொருந்துது, நான் ஒத்துக்கறேன். ரெண்டும் ஒரே மாதிரி கோணலா இருந்தா பொருந்தாம என்ன செய்யும்? கெழவன் இதைப் பாத்துட்டு 'அட, நேராத்தான் இருக்கு'ன்னு வாயை மூடிக்குவான்னு யார் யோசனை பண்ணினது? நீயா, அவனா?

கோடு ஏன் ஒரே இடத்துல இருக்குன்னு கேட்டிருந்த. வளைவு அங்க இருக்கு, அதனால அங்க கோடு இருக்கு. வார்ப்பு அச்சு ஒண்ணு கோணலா இருந்தா அதுல வர்ற எல்லாம் ஒரே இடத்துலதான் கோணும். இதுகூட நான் சொல்லணுமா?

இன்னொண்ணு. என் பழைய அலுமினிய அம்பு நாலு கொட்டகைல கிடந்துச்சு. அதையும் எடுத்துப் பாத்தேன். அதுவும் அதே மாதிரி வளைஞ்சிருக்கு. போன அக்டோபர்ல ராய்ஸ் இங்க வந்தப்ப கொட்டகைக்குள்ள போய் ரொம்ப நேரம் என்னமோ நோண்டிக்கிட்டிருந்தான். அதை இப்ப நினைச்சுப் பாக்குறேன்.

இந்த ஊர்ல எவனுக்குமே நேரா ஒரு வேலை செய்யத் தெரியல. பக்கத்துப் பண்ணை கஸ் ப்ளெவின்ஸ் இருக்கான்ல, புதுசா வேலி போட்டிருக்கான். கம்பத்து வரிசையை ஒத்தைக் கண்ணால பாத்தேன். நடுவுல வயிறு முட்டின மாதிரி பிதுங்கி நிக்குது. "குடிச்சுட்டு நட்டியாடா?"ன்னு கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டுப் போயிட்டான். உண்மையைச் சொன்னா எவனுக்கும் பிடிக்காது.

மன்னிப்புக் கடிதம் உன் பக்கத்துல இருந்துதான் வரணும்.

மெர்ல்

*

வில்லோ பெண்ட்
ஜூன் 22, 2008

அண்ணா,

இந்தக் கடிதத்தை ராய்ஸ் கையில் கொடுத்து அனுப்புகிறேன். மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன், நீ எடுக்கவில்லை. தபாலில் போட்டால் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். தயவுசெய்து இதைக் கடைசி வரை படி.

உன்மேல் எனக்கு இருந்த சந்தேகம் போய்விட்டது. வேறொரு பயம் வந்துவிட்டது.

அந்தப் பட்டை வளைந்திருக்க முடியாது. நீ பொய் சொல்கிறாய் என்றால், வேலியைப் பற்றி என்னிடம் எழுத உனக்கு அவசியம் இல்லை. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பாவின் கடைசி வருடங்களில் நீ ரயில்வே முகாமில் இருந்தாய். உனக்குத் தெரியாது. ஒரு வசந்தத்தில் அவர் வயலில் நின்றுகொண்டு, கோதுமை விதைத்த சால் நடுவில் கோணிவிட்டது என்று எல்மரை வேலையை விட்டு நிறுத்தினார். எல்மர் பதினேழு வருடம் நம் வயலில் உழுதவன். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், நீங்களே கயிறு பிடிச்சுப் பாருங்க" என்று கெஞ்சினான். அப்பா கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். சால் நேராகத்தான் இருந்தது. பிறகு தந்திக் கம்பம் பிதுங்கியிருக்கிறது என்றார். பிறகு என் முகத்தில் மூக்கு இல்லை என்றார். அதைச் சொல்லிச் சிரித்தார். டாக்டரிடம் கூட்டிப் போனபோது, விழிக்குப் பின்னால் இருக்கிற திரையின் நடுவில் ரத்தம் கசிந்து ஆறி வடுவாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

இப்போது மருந்து இருக்கிறது, அண்ணா. ஊசி போடுகிறார்கள். ஆனால் சீக்கிரம் போக வேண்டும். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வாரமும் பார்வையைத் தின்றுவிடும்.

நீ எப்பவும் வலது கண்ணாலதான் குறி பாப்ப. இடது கண்ணை மூடிக்குவ. அதான் உனக்குத் தெரியல. இப்ப ஒண்ணு செய். உன் சமையக்கட்டுக் கதவு நிலையைப் பாரு. முதல்ல வலது கண்ணை மூடிக்கிட்டுப் பாரு. அப்புறம் இடதை மூடிக்கிட்டுப் பாரு. ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா என்னைத் திட்டு, நான் கேட்டுக்கறேன். ஒண்ணா தெரியலைன்னா அப்படியே ராய்ஸ் வண்டில ஏறிப் பில்லிங்ஸ் கண் ஆஸ்பத்திரிக்குப் போ. ஏதும் பேசாத, போ.

நெல்டா

*

கோல்ட் ஸ்பர்
ஜூன் 25, 2008

நெல்டா,

உன் தூதன் வந்தான். கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டேன்.

"மச்சான், படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் வண்டிலயே இருக்கேன்"ன்னான். நான் கேட்ல நின்னபடியே படிச்சேன். படிச்சுட்டு, "வந்த வழி தெரியுமா, இல்ல அதுவும் கோணலா தெரியுதா?"ன்னு கேட்டேன். சிரிக்கல. சாயங்காலம் வரைக்கும் ரோட்டோரம் வண்டியை நிறுத்திக்கிட்டு உக்காந்திருந்தான். அப்புறம் போயிட்டான்.

எனக்கு எல்லாம் புரியுது. அம்பு சரியில்லன்னா கடைக்குக் கெட்ட பேரு. கண்ணு சரியில்லன்னா கடைக்கு ஒண்ணும் இல்ல. அதனால இப்ப என் கண்ணு கெட்டுப்போச்சு. அதுக்கு அப்பாவைக் குழில இருந்து சாட்சிக்கு எழுப்பிட்ட. அப்பாவுக்கு அப்ப வயசு எழுபத்தெட்டு. எனக்கு அறுபத்து மூணு. ட்ரக் ஓட்டுறேன், பேப்பர் படிக்கிறேன், ஆயிரம் கஜத்துல நிக்கிறது காளையா பசுவான்னு சொல்லுவேன்.

கண்ணு சரியில்லன்னு ஒரு டாக்டர் எழுதிட்டா என் சீட்டு என்னாகும்? அதை யாருக்கும் மாத்திக் குடுக்க முடியாது. ஆனா குருடனுக்குத் துணைன்னு என்கூட வந்து, பள்ளத்துல எங்க பெரிய காளை நிக்குதுன்னு தனக்குச் சீட்டு விழுற வருஷத்துக்கு வழி தெரிஞ்சிக்கலாம்ல? ராய்ஸுக்கு அந்தப் பக்கம் ரொம்ப நாளா ஒரு கண்ணு. அவனோட கண்ணைச் சொல்றேன்.

கதவு நிலையை நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன்.

மெர்ல்

*

கோல்ட் ஸ்பர்
ஜூலை 20, 2008

நெல்டா,

இதை எப்படி எழுதுறதுன்னு தெரியாம ரெண்டு தாளைக் கசக்கிப் போட்டுட்டேன்.

நேத்து கொட்டகை முன்னாடி வைக்கோல் கட்டு வெச்சு, அதுல காகிதத் தட்டைக் குத்தி, அடிச்சுப் பழகிக்கிட்டிருந்தேன். முப்பது கஜம். ஒரு மாசமாவே தட்டு எனக்குச் சரியா தெரியறதில்ல. தட்டு இருக்க வேண்டிய இடத்துல விரல்ல மை பட்டுத் தேச்ச மாதிரி ஒரு அழுக்கு. வில்லுல இருக்கிற குறிமுள்ளை அந்த அழுக்கு மேல வெச்சு விட்டா கட்டுல எங்கயாவது படும். வெயிலுன்னு நினைச்சேன். இல்ல, நினைக்கல. வெயிலுன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன்.

வில்லை இழுத்தேன். இடது கண்ணை மூடினேன். அழுக்கு மேல முள்ளை வெச்சேன். விட்டேன்.

கட்டுல பட்ட சத்தம் வரல. மரத்துல பட்ட சத்தம் வந்துச்சு. இடது கண்ணைத் திறந்தேன். கொட்டகைத் தூண்கிட்ட கஸ் நின்னுக்கிட்டிருந்தான். என்கிட்ட வாங்கின ரம்பத்தைத் திருப்பிக் குடுக்கக் கொண்டாந்திருக்கான். ரம்பம் ஒரு கைல. இன்னொரு கை மேல தூக்கியபடி இருக்கு, என்னைப் பாத்து ஆட்டினவன் அதை இறக்கவே இல்ல. அம்பு தூண்ல, அவன் காதுக்குப் பக்கத்துல நிக்குது.

அவன் கத்தல. மெதுவா நடந்து வந்து என் கைல இருந்து வில்லை வாங்கிக்கிட்டான்.

"என்னைப் பாக்கலையா?"

"பாக்கல."

"நேரா என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்த, மெர்ல். நான் கையை ஆட்டினேன். நீ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டேதான் விட்ட."

"கஸ், சத்தியமா அங்க யாரும் இல்ல."

"நான் இருந்தேன்"னான். அப்படியே தரைல உக்காரப் போனான். ட்ரக் பின்பலகைல உக்கார வெச்சேன். தண்ணி கொடுத்தேன். குடிக்க முடியல, சட்டையெல்லாம் கொட்டிக்கிட்டான். அவன் பொண்ணு அடுத்த மாசம் பிரசவத்துக்கு வர்றா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

போகும்போது, "என் வேலி நேராத்தான் இருக்கு, நான் கயிறு கட்டி நட்டேன்"னான். கோவமாச் சொல்லல. அதான் தாங்க முடியல.

அவன் போனப்புறம் உள்ள வந்து கதவு நிலைக்கு முன்னாடி நின்னேன். வலது கண்ணை மூடினேன். நிலை நேரா இருந்துச்சு. இடதை மூடினேன். நிலை நடுவுல கரைஞ்சு போய், மேலயும் கீழயும் மட்டும் மரம் இருந்துச்சு. நடுவுல ஒண்ணும் இல்ல.

நீ சொன்ன அன்னிக்கே பாத்திருந்தா வெறும் வளைவாத்தான் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்.

இதைத் தபால்ல போட்டுட்டு உனக்குப் போன் பண்ணப் போறேன். போன்ல இதெல்லாம் என்னால சொல்ல முடியாது, அதான் எழுதிட்டேன். போன்ல நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். ராய்ஸ் இன்னொரு தடவை வருவானான்னு.

மெர்ல்

*

கோல்ட் ஸ்பர்
ஆகஸ்ட் 4, 2008

நெல்டா,

முதல் ஊசி போட்டாச்சு. கண்ணுக்குள்ளயே குத்துறாங்க. மரத்துப்போக மருந்து விடுறாங்களாம். ஊசி வர்றதைப் பாக்குறதுக்கு எந்த மருந்தும் கிடையாது.

அந்த டாக்டர் மேல எனக்கு முழு நம்பிக்கை இல்ல. சின்னப் பையன், எதுக்கெடுத்தாலும் "சூப்பர்"ங்கிறான். வலது கண்ணுல நடுப்பார்வை போனது போனதுதானாம். ஓரம் தங்கும். இடது கண்ணு இப்போதைக்கு நல்லா இருக்கு, ஆனா கவனமா இருக்கணுமாம். ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா எவ்வளவு மிஞ்சியிருக்கும்னு கேட்டேன். அதுக்கு மட்டும் "சூப்பர்"னு சொல்லல. நாற்காலியைத் திருப்பிக்கிட்டு என்னமோ எழுத ஆரம்பிச்சுட்டான்.

ராய்ஸ்தான் பில்லிங்ஸுக்கு வண்டி ஓட்டினான். நான் கேட்ல வெச்சு அவனைப் பேசினதுக்கு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லுவான்னு வழியெல்லாம் காத்திருந்தேன். கடைசில நானே, "உனக்கு என்ன லாபம் இதுல?"ன்னு கேட்டேன். "பெட்ரோல் நீங்க போடுறதா நெல்டா சொன்னா"ன்னான். அப்படியா சொன்ன?

ஒரு விஷயம். நம்ம குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சான்னு டாக்டர் கேட்டான். அப்பாவைச் சொன்னேன். கூடப்பிறந்தவங்க இருக்காங்களான்னான். தங்கச்சின்னேன். அவங்களும் சீக்கிரம் வந்து காட்டணும்னு ரெண்டு தடவை சொன்னான். எழுதிட்டேன். போய்க் காட்டு.

மெர்ல்

*

வில்லோ பெண்ட்
ஆகஸ்ட் 15, 2008

அன்புள்ள அண்ணா,

பெட்ரோலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது ராய்ஸின் நகைச்சுவை. அவனுடைய நகைச்சுவை அவ்வளவுதான், பழகிக்கொள்.

கஸ்ஸுக்கு நான் ஒரு கடிதம் போட்டேன். பதில் வந்தது. உன்மேல் கோபம் இல்லை என்கிறார். ஆனால் இனிமேல் உன் வீட்டுக்கு வரும்போது தூரத்திலேயே ஹாரன் அடிப்பாராம்.

தூணில் பாய்ந்த அம்பைச் சுற்றி மரத்தை அறுத்து எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாய். அதை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துக் காதருகே வைத்துக் கேட்டேன். கார்பனில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருந்தால் மெல்ல நெரிகிற சத்தம் வரும். அதைத் தெரியாமல் வில்லில் பூட்டினால் விடும்போது சிதறிக் கையைக் கிழித்துவிடும். இதில் சத்தம் வரவில்லை. ஆனாலும் முறித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். அதை யாரும் எய்ய வேண்டாம்.

நீ போனில் கேட்டாயே, அந்த அம்பு விலைக்குத் தகுமா என்று. எத்தனையோ பேருக்கு இதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்ல வரவில்லை. அம்பு நேராக இருக்கும், அதற்குத்தான் அந்த விலை. மற்றதெல்லாம் வாங்குகிறவனிடம் இருக்க வேண்டும்.

செப்டம்பரில் பள்ளத்துக்குப் போகிறாயா? ராய்ஸ் துணைக்கு வருகிறேன் என்கிறான். அங்கே அவனுக்குச் சீட்டு இல்லை. வில் எடுத்து வர மாட்டான். போட்டிக் காளை கத்துவது போல ஒலிக்கிற ஊதுகுழல் மட்டும்தான். காளையைக் கூப்பிடுவதில் அவன் கெட்டிக்காரன்.

கடையில் கூட்டம் அதிகம். வேட்டைக்காலம் நெருங்குகிறது அல்லவா. இவ்வளவுதான் எழுத முடிகிறது.

நெல்டா

*

கோல்ட் ஸ்பர்
செப்டம்பர் 28, 2008

நெல்டா,

போயிட்டு வந்தாச்சு. ராய்ஸ் உனக்கு என்ன சொன்னான்னு தெரியாது. நான் என் பங்குக்குச் சொல்றேன்.

வில்லை எடுத்துக்கிட்டுத்தான் போனேன். சும்மா தோள்ல தொங்கட்டும்னு ராய்ஸ்கிட்ட சொன்னேன். அவன் ஒரு பார்வை பாத்துட்டு அதை வாங்கி வண்டில வெச்சான். அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்.

மூணாவது நாள் காலைல, ஆத்துக்கு மேல பைன் மரம் நாலு நிக்கிற மேட்டுல நான் உக்காந்திருந்தேன். ராய்ஸ் எனக்குப் பின்னாடி, சரிவுல படுத்துக்கிட்டு ஊதினான். நீ சொன்னது சரிதான், அவன் ஊதினா எனக்கே எந்திரிச்சு போய்ச் சண்டை போடலாம்னு தோணுது. கீழ இருந்து ஒரு காளை பதில் சொல்லிச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கொம்பு கிளைல உரசுற சத்தம். திரும்பினா நிக்குது. அவ்வளவு பெருசு நான் பாத்ததில்ல. மூச்சு ஆவியா வருது. நாத்தம் எனக்கு அடிக்குது. இருபது கஜம்கூட இருக்காது. அம்பு எந்த விலையா இருந்தாலும் போதும்கிற தூரம்.

இழுத்தேன், நெல்டா. இழுக்கக் கூடாதுன்னு நினைச்சுக்கிட்டேதான் இழுத்தேன்.

வலது கண்ணால பாத்தா கொம்பு இருக்கு, பின்னங்கால் இருக்கு, நெஞ்சு இல்ல. நெஞ்சு இருக்க வேண்டிய இடத்துல புகை. இடதைத் திறந்தேன். நெஞ்சு வந்துடுச்சு, ஆனா முள்ளு எங்கயோ ஓரமா போய் நிக்குது. மறுபடி மூடினேன். கொஞ்சம் தள்ளிப் பாத்தா விளிம்புல தெரியும்னு அந்தச் சூப்பர் டாக்டர் சொன்னான். தள்ளிப் பாத்தேன். தெரிஞ்சுது. ஆனா எதை அடிக்கப் போறேன்னு நேரா பாக்காம எப்படி அடிக்கிறது? அந்தப் புகைக்குள்ள இன்னொரு தடவை கஸ் நிக்க மாட்டான்னு எனக்கு என்ன நிச்சயம்?

முடியற வரைக்கும் பிடிச்சிருந்தேன். அப்புறம் இறக்கிட்டேன். அசைவைப் பாத்துட்டுக் காளை ஒரே துள்ளுல சரிவுல இறங்கிப் போயிடுச்சு. கல்லு உருள்ற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு.

ராய்ஸ் ஏறி வந்தான். நான் அழுதுக்கிட்டிருந்தேன். அதை அவன் உனக்குச் சொல்லியிருக்க மாட்டான்னு நினைக்கிறேன். பக்கத்துல உக்காந்து பிளாஸ்க்ல இருந்து காபி ஊத்தினான். "ஊதினது சுமாரா இருந்துச்சா, மச்சான்?"ன்னான். "கடைசில கொஞ்சம் இழுத்துட்ட"ன்னேன். சீட்டு என் சட்டைப்பைலயே இருக்கு. இருக்கட்டும்.

நான் எழுத வந்தது இது இல்ல.

திரும்பி வர்ற வழில ராய்ஸ் கடையைப் பத்திப் பேசிக்கிட்டே வந்தான். அவனுக்கே தெரியாம ஒண்ணு சொல்லிட்டான். இப்பெல்லாம் அம்பு சுத்திப் பாக்குறப்ப அளவு முள்ளை அவன்தான் படிக்கிறானாம். நீ சுத்துவியாம், அவன் எண்ணைச் சொல்லுவானாம். "நெல்டா மூக்குக்கண்ணாடில கீறல் விழுந்துடுச்சாம், புதுசு மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா"ன்னான். எப்பத்துல இருந்துன்னு கேட்டேன். கோடைலருந்துன்னான்.

ஆகஸ்ட்ல நான் உன்கிட்ட எழுதினேன், டாக்டர் உன்னையும் வரச்சொன்னான்னு. நீ கஸ்ஸைப் பத்தி எழுதின, தூண்ல போன அம்பைப் பத்தி எழுதின, ராய்ஸோட ஊதுகுழலைப் பத்திக்கூட எழுதின. இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்புறம் ரெண்டு தடவை போன்ல கேட்டேன். ரெண்டு தடவையும் என்னைச் சிரிக்க வெச்சுட்டுப் போனை வெச்சுட்ட.

நான் சந்தேகப் பிராணி. உனக்கே தெரியும். ராய்ஸைச் சந்தேகப்பட்டேன், உன்னைச் சந்தேகப்பட்டேன், ஒரு இரும்புப் பட்டையைக்கூடச் சந்தேகப்பட்டேன். எல்லாம் தப்பு. இந்தத் தடவையும் தப்பா இருந்தா, மன்னிப்புக் கடிதம் ஒரு பக்கம் இல்ல, பத்துப் பக்கம் எழுதித் தரேன்.

வியாழக்கிழமை பஸ்ஸுல வர்றேன். சாயங்காலம் அங்க இருப்பேன். நீ பயந்துக்கிட்டுத்தான் போகாம இருக்கன்னு எனக்குத் தெரியும். அப்பாவைக் கிட்ட இருந்து பாத்தவ நீ. ஊசி வலிக்காது, நான் பொய் சொல்லல, பாக்குறதுக்குத்தான் பயமா இருக்கும். அந்த நேரத்துல நான் கையைப் பிடிச்சிக்கறேன்.

ராய்ஸ்கிட்ட வண்டியைத் தயாரா வெச்சிருக்கச் சொல்லு. பெட்ரோல் நான் போடுறேன்.

நீ கதவைத் திற, போதும்.

உன் அண்ணன்
மெர்ல்